அம்மாவின் வண்டி நின்றுபோன நாள்களும் நான் கற்றுக்கொண்டதும்

2022 ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அம்மாவிடமிருந்து போன். "வண்டி நின்னுடுச்சுடி. பூக்கடை கிட்ட இருக்கேன். சாவி போட்டா லைட் எரியுது, ஆனா நகர மாட்டேங்குது." நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பூக்கடைக்கும் நாலு வீடுதான் தூரம். ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா தன் மொபிலிட்டி ஸ்கூட்டரிலேயே (நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டி) உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பூப்பொட்டலம். சுற்றி நாலு பேர். பேட்டரி போயிருக்கும் என்கிறார் ஒருவர், மோட்டார் காயில் எரிந்திருக்கும் என்கிறார் இன்னொருவர். எல்லோருமாகச் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டோம். வண்டி வெண்ணெய் மாதிரி நகர்ந்து வந்தது. அதுதான் அன்றைக்குக் கிடைத்த பெரிய துப்பு, ஆனால் எங்கள் யாருக்கும் அது புரியவில்லை.

விற்ற கடைக்குப் போன் செய்தேன். ஆள் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். அந்த ஐந்து நாளும் அம்மா வாசலைத் தாண்டவில்லை. அம்மாவுக்கு முடக்குவாதம், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்காது, வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பாள், தெருவில் நடக்க முடியாது. அந்த நான்கு சக்கர மொபிலிட்டி ஸ்கூட்டர் வந்த பிறகுதான் கோயில், காய்கறிக்கடை, பேங்க் என்று யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர ஆரம்பித்திருந்தாள். ஆறாம் நாள் ஆள் வந்தார். பின்பக்கம் குனிந்தார், ஒரு சின்ன லீவரை மேலே தூக்கினார், சாவியைத் திருப்பினார், வண்டி ஓடியது. மொத்தம் இரண்டு நிமிடம். பூக்கடை வாசலில் யாரோ தங்கள் பைக்கை எடுக்க வழி வேண்டுமென்று அம்மாவின் வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள், நகர்த்த அந்த லீவரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள், திரும்ப ஏற்றவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு ராத்திரி முடிவு செய்தேன், இந்த வண்டியைப் பற்றி நானே கற்றுக்கொள்வது என்று. நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவள், எலக்ட்ரிக்கல் படித்தவள் இல்லை. அதனால் இங்கே எழுதுவதெல்லாம் என்னை மாதிரி ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கக்கூடியதுதான். இந்த வண்டிகளுக்கு நம் ஊரில் தெருவுக்குத் தெரு மெக்கானிக் கிடையாது. வீட்டில் ஒருவருக்காவது அடிப்படை தெரிந்திருந்தால், ஐந்து நாள் முடங்கிக் கிடப்பது ஐந்து நிமிடமாகிவிடும்.

முதலில் அந்த லீவர். கையேட்டில் அதற்கு ஃப்ரீவீல் என்று பேர், எங்கள் வீட்டில் நியூட்ரல் என்போம். இந்த வண்டியில் காலால் மிதிக்கிற பிரேக் எதுவும் இல்லை. மோட்டாரின் வால் பக்கம் ஒரு மின்காந்த பிரேக் இருக்கிறது. அதை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குக் கரண்ட் பாய்ந்தால்தான் பிடியை விடும். அதாவது நம் சைக்கிள் பிரேக்குக்கு நேர் எதிர். கை எடுத்தால், சாவியை அணைத்தால், பேட்டரி செத்தால், எல்லா நேரத்திலும் வண்டி தானாகப் பிடித்து நிற்கும். ஆகவே சாவி அணைந்த வண்டியைத் தள்ளினால் அது அசையவே கூடாது. அசைகிறதென்றால் நியூட்ரலில் இருக்கிறது என்று அர்த்தம். நியூட்ரலில் இருக்கும்போது வண்டி ஓடாது, பிரேக்கும் கிடையாது. சரிவில் நிற்கிற வண்டியை, அதுவும் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, தயவுசெய்து நியூட்ரல் போடாதீர்கள். அறுபது எழுபது கிலோ ஆள், ஐம்பது கிலோ வண்டி, சரிவில் உருண்டால் ஒருவர் கையால் பிடித்து நிறுத்த முடியாது.

அப்புறம் அந்தச் சத்தம். வண்டியை ஓட்ட ஹேண்டிலில் உள்ள விரல் லீவரைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தும்போது, வண்டி நகர்வதற்கு முந்தைய நொடியில், சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பிரேக் பிடியை விடுகிற சத்தம் அது. கையை எடுத்து வண்டி நின்றதும் மறுபடி ஒரு 'டக்', பிரேக் பிடித்துக்கொள்கிற சத்தம். தினமும் கேட்டுக் கேட்டு நமக்கு அது காதில் விழாமலே போய்விடும். வண்டி நின்றுவிட்டால் நான் அம்மாவிடம் முதலில் கேட்பது, "டக் கேக்குதாம்மா?" என்றுதான். கேட்கிறது, ஆனால் நகரவில்லை என்றால் கன்ட்ரோலர் (பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு அளந்து அனுப்பும் பெட்டி) வேலை செய்கிறது, பிரேக்குக்குக் கரண்ட் போகிறது, கோளாறு மோட்டார் பக்கமோ சக்கரம் பக்கமோ இருக்கிறது. கேட்கவே இல்லை என்றால் அதற்கு முன்னால் எங்கேயோ நின்றிருக்கிறது: பேட்டரி, ஃபியூஸ், வயர், நியூட்ரல் லீவர், இல்லை விரல் லீவர். இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் தேடல் முடிந்துவிடும்.

இன்னொரு பாதியை அந்த வண்டியே சொல்கிறது. சாவியைத் திருப்பினதும் ஹேண்டிலில் உள்ள லைட் நிலையாக எரியாமல் விட்டு விட்டுச் சிமிட்டினால், அது ஒரு எண்ணிக்கை. இத்தனை சிமிட்டல், ஒரு இடைவெளி, மறுபடி அத்தனை சிமிட்டல். எங்கள் கையேட்டுப்படி ஒன்று என்றால் பேட்டரி இறங்கிவிட்டது, இரண்டு என்றால் மோட்டார் இணைப்பு, ஆறு என்றால் சார்ஜர் இன்னும் சொருகியிருக்கிறது, ஏழு என்றால் விரல் லீவர், ஒன்பது என்றால் பிரேக், பத்து என்றால் வோல்டேஜ் அதிகம். வேறு கன்ட்ரோலர் உள்ள வண்டிக்கு இந்த எண்கள் வேறாக இருக்கும், உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள். நாங்கள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்து சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறோம். அம்மா முப்பத்தோரு வருடம் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். வளைந்துபோன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சிமிட்டலை எண்ணி, இரண்டாவது முறை சரிபார்த்து, பிறகுதான் எனக்குப் போன் செய்வாள். "ஏழு. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

ஏழு எங்களுக்கு அடிக்கடி வந்தது. சாவியைத் திருப்பும் நேரத்தில் விரல் லீவர் நடுவில், ஓய்வு நிலையில் இருக்க வேண்டும். கொஞ்சம் அழுந்தியிருந்தாலும் கன்ட்ரோலர் மறுத்துவிடும். மறுக்காவிட்டால் சாவி போட்டதுமே வண்டி பாய்ந்துவிடும் இல்லையா, அதற்கான பாதுகாப்பு அது. எங்கள் வீட்டில் காரணம் என்னவென்றால் கட்டைப்பை. காய் வாங்கி பையை ஹேண்டிலில் மாட்டுவாள், பையின் மரப்பிடி சரியாக லீவரின் ஓரத்தில் போய் உட்காரும். பையை எடுத்துவிட்டு, சாவியை அணைத்து, மறுபடி போட்டால் சரியாகிவிடும். முன்பக்கக் கூடை இருக்கும்போது ஹேண்டிலில் எதையும் மாட்டாதீர்கள். பை எதுவும் இல்லாமலே ஏழு வந்தால் உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (லீவர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பாகம்) தேய்ந்திருக்கலாம். அழுத்தும்போது வண்டி சீராகப் போகாமல் குலுங்கிக் குலுங்கிப் போவதும் அதே பொட்டென்ஷியோமீட்டரால்தான். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து எங்களுக்கு ஒரு வருடம் ஓடியது, பிறகு மாற்ற வேண்டியிருந்தது.

பத்து வந்த கதை சுவாரசியமானது. காலையில் கிளம்பி, எங்கள் அபார்ட்மென்ட் சரிவில் இறங்கும்போது பாதியில் வண்டி வெடுக்கென்று நிற்கும். சாயங்காலம் அதே சரிவில் எந்தப் பிரச்சினையும் இருக்காது. இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். சரிவில் இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி வேலை செய்து, கரண்ட்டைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்புகிறது. வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே அதுதான். ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் அந்தக் கரண்ட்டை வாங்கிக்கொள்ள இடமில்லை, வோல்டேஜ் எகிறுகிறது, கன்ட்ரோலர் அணைந்துவிடுகிறது. வேகத் திருகை ஆமைப் படத்துக்கு வைத்து மெதுவாக இறங்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. பேட்டரி வயர் லூஸாக இருந்தாலும் இதே பத்து வரும், அதையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

இனி பேட்டரி. நீளமாகத்தான் சொல்லப்போகிறேன், எங்கள் பணமும் நேரமும் அதிகம் போனது இதில்தான்.

அம்மாவின் வண்டியில் 12 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, தொடராக இணைத்து 24 வோல்ட். மூடிய லெட்-ஆசிட் வகை, தண்ணீர் ஊற்ற வேண்டாம். லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஒரு குணம் உண்டு: சார்ஜ் இல்லாமல் கிடந்தால் தகட்டில் சல்பேட் உறைந்துவிடும், நாளாக நாளாகக் கெட்டியாகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. செல்போனுக்குச் சொல்வது போல 'முழுசா இறங்கட்டும், அப்புறம் போடலாம்' என்று இதற்குச் சொல்லவே கூடாது. கால் கிலோமீட்டர் போய் வந்தாலும் அன்று ராத்திரி சார்ஜில் போட வேண்டும். ஊருக்குப் போய் வண்டி சும்மா நின்றாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது முழுச் சார்ஜ் வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் அம்மா வண்டியை நன்றாக ஓட்டியிருந்தாள், சார்ஜ் போடவில்லை. பார்க்கிங்கில் தண்ணீர் ஏறி, வண்டியின் பின்சக்கரம் பாதி மூழ்கிவிட்டது. நாங்கள் பேட்டரிப் பெட்டியை மட்டும் கழற்றி மாடிக்குக் கொண்டுவந்தோம், வண்டியைத் தூக்க ஆளில்லை. கரண்ட் வந்து சார்ஜர் சொருகினால், சிவப்பு விளக்கே எரியாமல் நேராகப் பச்சை. சொருகின உடனே முழுச் சார்ஜ் ஆகிவிட்டதாகச் சார்ஜர் சொல்கிறது! அப்படி உடனே பச்சை காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். பேட்டரி கரண்ட்டை வாங்கவே இல்லை என்று பொருள். ஃபியூஸ் போயிருக்கலாம், வயர் விட்டிருக்கலாம், இல்லை பேட்டரியே சல்பேட் உறைந்து கெட்டுப்போயிருக்கலாம்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், டி.சி. வோல்ட் காட்டினால் போதும். சார்ஜ் முடிந்து சார்ஜரைப் பிடுங்கி, நாலைந்து மணி நேரம் விட்டு, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நல்ல பேட்டரி 12.7, 12.8 காட்டும். 12.2 அளவில் இருந்தால் பாதிதான் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கும்போது அளப்பது பாதி உண்மைதான் சொல்லும். எங்களுடையதில் ஒன்று 12.7, மற்றது 12.5. பார்க்க இரண்டும் நல்லாத்தான் இருந்தது. 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றில் வயர் கட்டி, ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் எரியவிட்டேன். ஒன்று 12.3-ல் நின்றது. மற்றது பல்பு எரிந்த நாலாவது நிமிடமே 10-க்குக் கீழே போனது, பல்பின் வெளிச்சம் மஞ்சளாகி மங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் பல்பு இழுப்பது நாலரை ஆம்பியர் அளவுதான், சரிவில் ஏறும் மோட்டார் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். வீட்டில் வண்டியின் பேட்டரி மீட்டர் முள் முழுசாகக் காட்டும், சரிவில் ஏறினதும் சிவப்புக்குப் போகும், சமதரைக்கு வந்ததும் மறுபடி ஏறும் என்றால் அது இந்த நோய்தான். பல்பு சூடாகும், துணி பக்கத்தில் இருக்கக் கூடாது, மங்கியதும் கழற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேட்டரியில் கை வைக்கும் முன் நான் வளையல், மோதிரம், செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுவேன். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது சரி, ஆனால் இரண்டு முனையையும் ஒரு வளையல் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், வளையல் பழுக்கக் காய்ந்துவிடும்.

சரி, பேட்டரி மாற்ற வேண்டும் என்று ஆகிவிட்டது. விற்ற கடையில் கேட்டால் வரவழைக்க மூன்று வாரம் என்றார்கள். அம்மா மூன்று வாரம் வீட்டில் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்போது யு.பி.எஸ். பேட்டரி விற்கும் கடையில் 12 வோல்ட், 18 ஆம்பியர்-அவர் பேட்டரி இருந்தது, நீள அகல உயரம் அச்சு அசலாக அதே, விலை பாதிக்கும் கீழே. வாங்கிப் போட்டேன். பிரேக் கோளாறு ஒன்றைச் சரிசெய்த பிறகு (அது கீழே வருகிறது) முதல் மாதம் அருமையாக ஓடியது. ஐந்தாவது மாதம், சித்திரை வெயிலில், கோயிலிலிருந்து திரும்பும் வழியில் வண்டி நின்றது. இப்போது புரிகிறது: யு.பி.எஸ். பேட்டரியின் வேலை வருடம் முழுக்க நிறைச் சார்ஜில் காத்திருந்து, கரண்ட் போகும்போது சில நிமிடம் கொடுப்பது. தினமும் பாதி வரை இறங்கி ஏறுவதற்கு அதன் தகடுகள் செய்யப்படவில்லை. மொபிலிட்டி வண்டிக்குக் கேட்க வேண்டியது டீப் சைக்கிள் வகை, ஏ.ஜி.எம். அல்லது ஜெல். மேலே அப்படி அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். அத்துடன், ஒன்றுதான் கெட்டது என்றாலும் இரண்டையும் சேர்த்தே, ஒரே கம்பெனி, ஒரே மாதத் தயாரிப்பாக மாற்றுங்கள். பழசும் புதுசும் தொடரில் இருந்தால் பழசு சீக்கிரம் காலியாகி, புதுசையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். பத்து டிகிரி சூடு கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். வெளிநாட்டுக் கையேட்டில் போட்டிருக்கும் வருடக் கணக்கை அப்படியே நம்பி இருக்காதீர்கள். நிழலில் நிறுத்துங்கள், வெயிலில் ஓடி வந்த உடனே சார்ஜர் சொருகாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். இப்போது போட்டிருக்கும் ஜெல் பேட்டரி ஒரு வருடம் தாண்டியும் பல்பு சோதனையில் 12.2-க்குக் கீழே இறங்கவில்லை.

சார்ஜர் பற்றி இரண்டே விஷயம். சார்ஜர் சொருகியிருக்கும்போது வண்டி ஓடாது, அது கோளாறு இல்லை. இன்னொன்று, சார்ஜரின் முனையில் மல்டிமீட்டர் வைத்து பூஜ்யம் காட்டுகிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். நிறைய சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் வோல்டேஜையே விடும். அதே காரணத்தால், பேட்டரி ஒரேயடியாகச் செத்துப்போயிருந்தாலும் சார்ஜர் வேலையைத் தொடங்காது. வேறொரு நல்ல பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிக்ஜாம் தண்ணீர் பேட்டரியோடு விடவில்லை. அந்த யு.பி.எஸ். பேட்டரி போட்டதும் 'டக்' கேட்டது, மோட்டார் உறுமியது, வண்டி நகரவில்லை, பத்து நொடியில் சீட்டுக்கு அடியில் உள்ள பிரேக்கர் பட்டன் வெளியே துள்ளியது. அந்தப் பட்டன் ஒரு முறை துள்ளினால் இரண்டு நிமிடம் ஆறவிட்டு அழுத்தலாம். திரும்பத் திரும்பத் துள்ளினால் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது, மோட்டார் எதையோ எதிர்த்துத் திணறுகிறது. பக்கத்துத் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்று இருக்கிறது, மிக்ஸி, தண்ணி மோட்டாரெல்லாம் சரி பார்க்கிற பாய். பின்பக்கத்தைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனேன். பிரேக் மூடியைத் திறந்ததும் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டியது. பிரேக் தட்டு துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது, காந்தம் 'டக்' என்று இழுத்தும் அது முழுசாகப் பிரியவில்லை. உப்புத்தாள் வைத்து நிதானமாகத் தேய்த்து, ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படாமல் துடைத்து மாட்டினார். பிரேக்கில் எண்ணெய் பட்டால் அப்புறம் பிடிக்காது.

அங்கே டீ குடிக்க வந்த இன்னொரு மெக்கானிக், "எதுக்கு இந்தத் தொல்லை, தட்டை எடுத்துட்டா வண்டி லேசா ஓடும்" என்றார். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "வயசானவங்க ஓட்டுற வண்டி. சரிவுல நின்னா யாரு பிடிப்பா?" எனக்கு அந்த நிமிடத்தில் அவர்மேல் வந்த மரியாதை கொஞ்சமில்லை. யார் சொன்னாலும் பிரேக்கை எடுக்க விடாதீர்கள்.

திறந்த கையோடு கார்பன் பிரஷ்ஷையும் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொண்டுசேர்க்கும் கரித்துண்டு) காட்டினார். ஒரு பக்கம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிரஷ் தேய்ந்தால் மோட்டார் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. மோட்டார் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பிவிடும். சிமிட்டலில் இரண்டு வரும், போய்விடும், மறுபடி வரும். விலை நூறு இருநூறுதான், ஆனால் அதே அளவு கிடைக்காவிட்டால் பெரிய பிரஷ்ஷை உரசி அளவுக்குக் கொண்டுவருவார்கள். அந்த வேலையைக் கை பழகியவரிடம் விடுங்கள்.

அடுத்து, கடற்கரை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள், இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். 263 மீட்டர் நீளம். 2024-ல் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். எங்கள் வண்டி நாலு துண்டாகப் பிரியும்: சீட், பேட்டரிப் பெட்டி, முன்பக்கம், பின்பக்கம். காரில் அடுக்கிக் கொண்டுபோய் அங்கே சேர்த்தால், சாவிக்கு எதுவுமே எரியவில்லை. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கடல் பக்கம் பார்க்கிறாள், நான் வேர்த்துக் கொட்டிக்கொண்டு குனிந்து கிடக்கிறேன். முன்பக்கமும் பின்பக்கமும் சேரும் கொக்கி ஒரு சென்டிமீட்டர் முழுசாக இறங்காமல் நின்றிருந்தது, அதனால் இரண்டையும் இணைக்கும் செப்பு முனைகள் தொடவில்லை. அழுத்தி உட்காரவைத்ததும் லைட் வந்தது. அன்றைக்கு அம்மா அலைச் சத்தம் காதில் விழும் தூரம் வரை தன் வண்டியிலேயே போனாள். கால் நன்றாக இருந்த காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

அடுத்த வாரமே அந்தச் செப்பு முனைகளில் பச்சை பூத்துவிட்டது. உப்புக்காற்று. வண்டியைப் பிரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து, பேட்டரி முனைகளில் மெலிதாக வாசலின் தடவினேன். கடற்கரை போய் வந்தால் ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். ஹோஸ் பைப் வைத்துக் கழுவவே கூடாது.

மற்றவை சின்னச் சின்னது. டயரில் காற்று குறைந்தால் போகும் தூரம் வெளிப்படையாகக் குறையும். டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் அளவுக்குச் சைக்கிள் கடையில் அடிக்கலாம், கம்ப்ரஸரை ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டாம் என்று சொல்லி அடிக்கச் சொல்லுங்கள், குட்டி டியூப் வெடித்துவிடும். பஞ்சரையும் அவர்களே ஒட்டுவார்கள். அரை மணி நேரம் சும்மா இருந்தால் வண்டி தானாகத் தூங்கிவிடும், சாவியை அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும். இது தெரியாமல் ரேஷன் கடை வாசலில் ஒரு முறை பயந்துபோனோம்.

இன்னொன்று, நம் ஊர் வீட்டு வாசல் சரிவுகள். சக்கர நாற்காலிக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. இங்கே கார் ஏறினால் போதுமென்று மூன்று நாலு அடியில் கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட சரிவில் ஏறத் தொடங்கும்போது வண்டி நின்று, பின்சக்கரம் ஒன்று மட்டும் காற்றில் சுழன்றால், மோட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். பின்னால் சாயாமலிருக்க வைத்திருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்கள் தரையில் முட்டி, ஓட்டும் சக்கரத்தைத் தூக்கிவிட்டன. அந்தக் குட்டிச் சக்கரங்களைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு, கழற்றினால் ஆள் மல்லாக்க விழுவார். சரிவைத்தான் நீட்ட வேண்டும். எங்கள் அபார்ட்மென்டில் இரண்டு மீட்டிங் போட்டுச் சண்டை பிடித்து நீட்டினோம்.

போன வாரம் மத்தியானம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டால், பின்னணியில் கோயில் மணி கேட்கிறது. "ஒன்பது சிமிட்டிச்சு. நியூட்ரலைப் பார்த்தேன், மேலதான் இருந்தது. கீழ இறக்கி மறுபடி ஏத்தினேன், டக் கேட்டுச்சு. வந்துட்டேன்" என்றாள். அந்த லீவருக்கு அடியில் உள்ள சின்ன சுவிட்சில் தூசி சேர்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்பக்க மூடியைத் திறந்து பார்க்கப் போகிறேன், அம்மா டார்ச் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.